கல்லூரிக் கூட்டும் பெற்றோர் கவலையும்



கல்லூரியில் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளைஞனைப் பேராசிரியர்கள் அறிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகின்றன. அங்குள்ள மாணவர் கூட்டங்களோ அவனை முதல் நாளிலேயே அறிந்துகொள்கின்றன. விடுதியில் ஒரு கூட்டம், பேருந்தில் ஒரு கூட்டம், உணவுக் கூடத்தில் ஒரு கூட்டம் என அவை அவனை எதிர்கொள்கின்றன. "எந்த ஊர், தம்பி?" என்று பரிவோடு வினவும் கூட்டமும் உண்டு. "எங்களோடு இருந்தால் உன்னை எவனும் தொடமாட்டான்" என்று ஆசை காட்டும் கூட்டமும் உண்டு. இவற்றுள் எதில் சேர்வது, எதனை விலக்குவது, சேர்ந்த செய்தியை வீட்டில் எவ்வாறு சொல்வது என்பனவற்றைக் குறித்து இன்று உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

நான் வாழும் பகுதி பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ரஞ்சன்குடியைச் சார்ந்தது. 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட வாலிகண்டபுரப் போரைக் கண்ட கோட்டை இன்றும் அங்கே அகழியோடு நிற்கிறது. அதனைச் சுற்றியுள்ள நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. அவற்றை விற்ற பணத்தில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் திருச்சிக்கும் சென்னைக்கும் படிக்கச் செல்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதிப்பவர்கள். பெற்றோருக்குக் கல்லூரி என்பது கேள்வியால் மட்டும் அறிந்த இடம். ஆதலால், மகன் ஏதோ ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று யாரேனும் சொன்னால் அவர்கள் மனம் பதைக்கிறது. "வாத்தியாரய்யா, பையன் ஏதோ ஒரு செட்டுல இருக்கானாம், நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று கேட்பார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் இவ்வினாவை நான் பலமுறை எதிர்கொண்டதுண்டு.

மாணவர்களுக்கு இவ்வினா எரிச்சல் ஊட்டக்கூடும். "நண்பர்களோடு இருப்பது குற்றமா?" என்று அவர்கள் எதிர்வினா எழுப்புவர். குற்றமே அன்று. மனிதன் கூடி வாழப் பிறந்தவன். பதினேழு ஆண்டுகள் தாயின் கைச்சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளை, அறிமுகமில்லாத நகரத்தில் மொழிநடையும் உணவும் உடையும் வேறாக உள்ளவரிடையே தனித்து நிற்கும்போது, தன்னை ஏற்றுக்கொள்ளும் நான்கு பேரைத் தேடுவது இயற்கை. திருவள்ளுவரும் நட்பின் சிறப்பை விரிவாகவே பேசினார். ஆனால் அவர் வகுத்த முறையை நோக்குங்கள். 79-ஆம் அதிகாரம் நட்பு. அதனை அடுத்து நிற்கும் 80-ஆம் அதிகாரம் நட்பாராய்தல். பழைமையைப் பற்றிப் பேசிய பின்னர்த் தீ நட்பு, கூடா நட்பு என இரண்டு அதிகாரங்களையும் அமைத்தார். இவற்றுக்கெல்லாம் முன்பே, 46-ஆம் அதிகாரத்தில், சிற்றினஞ்சேராமையைக் கூறினார். நட்பை இவ்வளவு போற்றியவர் அதனை ஆராய்வதற்கும் இவ்வளவு இடம் ஒதுக்கியதை நாம் மறத்தலாகாது.

எனவே பெற்றோரின் அச்சம் நட்பைக் குறித்ததன்று. நட்பின் பெயரால் மகன் எதற்குக் கட்டுப்படுகிறான் என்பதைக் குறித்ததே அது. இவ்வேறுபாட்டை விளக்க, முதலில் வெளிநாட்டு வரலாறு ஒன்றைப் பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் சகோதரக் கழகங்கள் பல உள்ளன. கிரேக்க எழுத்துகளால் பெயர் பெற்றவை அவை. அவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது ஃபை பீட்டா காப்பா என்பது. 1776-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியின் மாணவர் ஐவர் அதனைத் தொடங்கினர். நூலாராய்ச்சியும் சொற்போரும் அவர்தம் நோக்கம். ஆயினும் இரகசிய உறுதிமொழியும் இரகசியமாகக் கைகுலுக்கும் முறையும் அவர்களிடையே இருந்தன. பின்னர், 1831-ஆம் ஆண்டையொட்டி, அக்கழகம் அந்த மறைபொருள்களைக் கைவிட்டது. கைவிட்டதனால் அழிந்துவிடவில்லை. கல்வியில் சிறந்தோரைப் பாராட்டும் அமைப்பாக இன்றும் மதிப்போடு விளங்குகிறது.

அதன் வழியில் தோன்றிய வேறு கழகங்கள் எல்லாம் அவ்வாறு திருந்திவிடவில்லை. பல கழகங்கள் ஏழைகளுக்கு நிதி திரட்டுகின்றன. படித்து முடித்தவர்க்கு வேலை தேடித் தருகின்றன. வாழ்நாள் நட்பை வளர்க்கின்றன. ஆனால் சிலவற்றில் புதிதாகச் சேர்பவனைச் சோதிப்பது என்ற பெயரால் அடித்தலும் இழிவுபடுத்தலும் அளவின்றி மது அருந்தச் செய்தலும் நிகழ்ந்துவந்தன. 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பீட்டா தீட்டா பை என்னும் கழகத்தில் சேரவந்த திமோத்தி பியாட்சா என்ற மாணவர் அவ்வாறு மது அருந்தச் செய்யப்பட்டுப் படியிலிருந்து விழுந்தார். உடனிருந்த "சகோதரர்கள்" ஏறத்தாழ 12 மணி நேரம் மருத்துவ உதவியை அழைக்கவில்லை. அம்மாணவர் உயிரிழந்தார். அவர் பெயரால் 2018-இல் பென்சில்வேனியாவில் கடுமையான சட்டம் பிறந்தது. 2024 டிசம்பரில் அந்நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டம் ஒன்றும் ஒப்பமிடப்பட்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அந்த 12 மணி நேரத்தை. உடனிருந்த இளைஞர்கள் பிறவியிலேயே கொடியவர்கள் என்று நான் எண்ணவில்லை. மருத்துவரை அழைத்தால் கழகத்தின் மறைபொருள் வெளிப்படுமே என்ற தயக்கம் அவர்தம் கைகளைக் கட்டியது. கூட்டத்தின் மானம் ஒருவன் உயிரைவிடப் பெரிதாகத் தோன்றியது. இந்நோய் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டிலே கிரேக்க எழுத்துகள் இல்லை. ஆனால் வேறு பெயர்களில் அதே வழக்கம் உண்டு.

சென்னை மாநகரப் பேருந்துகளிலும் புறநகர் இரயில்களிலும் சில கல்லூரி மாணவர்கள் தடத்துக்கு ஒரு கூட்டமாகப் பிரிந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவனை வைத்துக்கொண்டனர். அவனுக்கு "ரூட்டு தல" என்று பெயர். ஒரே பேருந்தில் நாள்தோறும் பயணம் செய்வோர் நண்பராவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். தொடக்கம் அவ்வாறே இருந்திருக்கலாம். ஆயின் நாளடைவில் படிக்கட்டில் தொங்குவதும், கூரையில் ஏறுவதும், வேறு கல்லூரி மாணவரைக் கண்டால் பகை காட்டுவதும் அக்கூட்டத்தின் கடமைகளாயின. 2019 ஜூன் மாதத்தில் "பஸ் டே" கொண்டாட்டத்தின்போது ஓடும் பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த காட்சியைப் பலரும் கண்டனர். அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் மாணவரே மாணவரை அரிவாளால் தாக்கினர். 2024 அக்டோபரில் சென்னைச் சென்ட்ரல் நிலையப் பகுதியில் தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாள்களில் உயிரிழந்தார். அவ்வழக்கில் கைதானவர்களும் கல்லூரி மாணவர்களே. இறந்தவருக்கும் கைதானவர்களுக்கும் இடையே நிலத்தகராறு உண்டா? குடும்பப் பகை உண்டா? இல்லை. இரு கல்லூரிகளின் பெயர்களே பகைக்குப் போதுமானவையாயின.

இதனினும் கொடியது சாதியின் பெயரால் சேரும் கூட்டு. 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் சாதியால் பிரிந்து நின்ற மாணவர்கள் கொடுமையாக மோதிக்கொண்டனர். நாளை நீதிமன்றத்தில் நின்று சட்டம் பேச வேண்டியவர்கள் அவர்கள்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவனுடைய தங்கையும், உடன் பயின்ற மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஒரு முழக் கயிறு யாரைக் காயப்படுத்தும் என்று எண்ண வேண்டா. "இவன் நம்மவன், அவன் வேற்றவன்" என்று பார்த்தவுடன் பிரிக்கும் அடையாளமாகவே அது கட்டப்படுகிறது. ஊர்விட்டு ஊர் சென்ற மாணவனிடம், "நாமெல்லாம் ஒரே ஆள்கள்" என்று தோளில் கைபோட்டு அழைக்கும் கூட்டம் இவ்வகையைச் சார்ந்ததா என்பதை முதலிலேயே தெளிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, விடுதிக் கூட்டத்தைக் காண்போம். புதியவனைக் கேலி செய்து வதைத்தலை நாம் ராகிங் என்கிறோம். பகடிவதை என்றும் சொல்வதுண்டு. "சிறிது நாள் பொறுத்துக்கொள், அப்புறம் நீயும் எங்களில் ஒருவன்" என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அவருடைய தந்தையார் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பல்கலைக்கழகம் ஒன்றையே ஆண்டுவந்த தந்தையாலும் தம் மகனை விடுதியில் காக்க இயலவில்லை என்றால், ஏர் பிடிக்கும் எளிய தந்தையின் அச்சத்தை நாம் எவ்வாறு நகையாட முடியும்? அவ்வழக்கில் மூத்த மாணவர் ஒருவருக்கு 1998-இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. மருத்துவராக வேண்டிய இருவர் வாழ்வு ஒரே விடுதியில் முடிந்தது.

அத்துயரத்தின் விளைவாகத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பொருள் வரையறையை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். அடித்தல் மட்டுமே குற்றம் என்று அது கூறவில்லை. மாணவர் ஒருவர்க்கு அச்சமோ வெட்கமோ கூச்சமோ விளைவிக்கும் செயலும் குற்றம். அவர் இயல்பாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யுமாறு கேட்பதும் குற்றம். குற்றவாளிக்கு 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறு கல்லூரியிலும் சேர இயலாது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரே உடந்தையாகக் கருதப்படுவார். இலங்கையிலும் இத்தகைய துயரங்களுக்குப் பின் 1998-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்து மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ரு இறந்ததையடுத்து, அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகளை வகுத்தது.

இவ்விடத்தில் மாணவர்கள் பலரும் எண்ணிப் பாராத ஒன்றைச் சொல்ல வேண்டும். "நான் யாரையும் அடிக்கவில்லை, கூட்டத்தோடு நின்றேன், அவ்வளவுதான்" என்ற சொல் எப்போதும் ஒருவனைக் காப்பாற்றாது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ குற்ற நோக்கத்தோடு கூடி, அந்நோக்கத்தை நிறைவேற்ற ஒருவன் செய்யும் குற்றத்துக்கு உடன் கூடிய ஒவ்வொருவனும் பொறுப்பாவான் என்பது நம் குற்றவியல் சட்டம். பழைய தண்டனைச் சட்டத்தில் 149-ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 190-ஆம் பிரிவாக உள்ளது. மானியக் குழுவின் விதிமுறைகளோ, கொடுமை செய்தவர் யாரென்று கண்டறிய முடியாதபோது கூட்டாகத் தண்டிக்கவும் இடம் தருகின்றன. வழக்கில் பெயர் ஏறிய இளைஞன் பின்னாளில் காவல் பணிக்கோ பிற அரசுப் பணிக்கோ தேர்வு பெறும்போது, நன்னடத்தை விசாரணையில் அவ்வழக்கு வந்து குறுக்கே நிற்கும். பெற்றோர் அஞ்சுவது இதனைத்தான். சட்டப் பிரிவின் எண் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் உலகத்தின் போக்கு தெரியும்.

அப்படியானால் எந்தக் கூட்டத்திலும் சேராமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டுமோ? வேண்டா. அவ்வாறு இருப்பவன் கல்லூரி தரும் கல்வியில் பாதியை இழக்கிறான். கூட்டத்தைத் தேர்ந்தறிய நான்கு வினாக்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் வினா: சேர்வதற்கு என்ன விலை கேட்கிறார்கள்? நேரத்தையும் உழைப்பையும் திறமையையும் கேட்டால் தயங்க வேண்டியதில்லை. மானத்தையும் உடல்நலத்தையும் பணத்தையும் பணிவையும் கேட்டால் அது கூட்டன்று, அடிமைச் சீட்டு. "ஒரே ஒரு முறை குடி", "அந்த மாணவனிடம் போய் வம்பு செய்துவிட்டு வா" என்று கேட்பவர்கள், பின்னர் இதனினும் பெரியதைக் கேட்பார்கள்.

இரண்டாவது வினா: அங்கு நிகழ்வதை வீட்டில் சொல்ல முடியுமா? தாய் தந்தையரிடம் ஒவ்வொரு பேச்சையும் ஒப்பிக்க வேண்டும் என்பதன்று. பருவம் அடைந்த பிள்ளைக்குத் தனக்கென்று சில செய்திகள் இருக்கும். ஆனால் "சொன்னால் தெரியும் சேதி" என்று கூட்டம் மிரட்டுமாயின், அங்கே ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா. நாம் சொன்ன அமெரிக்க மாணவரின் உயிரைக் காக்கத் தடையாய் நின்றதும் இந்த மறைப்புத்தான்.

மூன்றாவது வினா: விரும்பியபோது விலக முடியுமா? நல்ல மன்றத்திலிருந்து விலகுபவனுக்கு, "மீண்டும் வா" என்று விடை கொடுப்பார்கள். தீய கூட்டத்திலிருந்து விலகுபவனைத் துரோகி என்பார்கள். எங்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்க வருவோர் காலையில் வாயில் வழியே உள்ளே சென்று மாலையில் அதே வாயில் வழியே வெளியே வருகிறார்கள். போர்க்காலத்தில் அதே வாயில் அடைபட்டு, உள்ளிருந்தோரைச் சிறைவைத்திருக்கும். மதிலும் கதவும் ஒன்றே. கதவைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

நான்காவது வினா: இக்கூட்டம் எதற்காகக் கூடுகிறது, யாருக்கு எதிராகக் கூடுகிறது? "எதற்காக" என்ற வினாவுக்கு விடை இருந்து, "யாருக்கு எதிராக" என்ற வினாவுக்கு விடை இல்லாமலிருந்தால் அது நல்ல கூட்டம். பகைவன் ஒருவன் இல்லாவிட்டால் கலைந்துபோகும் கூட்டத்தில் நட்பு என்பது பெயரளவே.

இந்நான்கு வினாக்களையும் நாட்டு நலப்பணித் திட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அது தொடங்கப்பெற்றது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டும், சிற்றூர் ஒன்றில் ஏழு நாள் முகாமும் அது கேட்கும் விலை. முகாமில் பல சாதியினரும் பல ஊரினரும் ஒரே பந்தியில் உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர். குளத்தைத் தூர்வாரியதையும் மரம் நட்டதையும் வீட்டில் மகிழ்ந்து சொல்லலாம். அங்கே பகைவர் எவரும் இல்லை. தேசிய மாணவர் படை, தமிழ் மன்றம், விளையாட்டுக் குழு, செஞ்சிலுவைச் சங்கம், குருதிக் கொடைக் குழு ஆகியனவும் இத்தகையனவே. இவற்றில் தோன்றும் நட்பு கல்லூரியோடு முடிவதில்லை.

மாணவர் பேரவையும் நல்லதே. பேசவும் வாதிடவும் தோற்றபின் எதிர்த்து நின்றவனோடு கைகுலுக்கவும் அது கற்பிக்கும். லிங்டோ குழு 2006-இல் அளித்த பரிந்துரைகள், வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்றும், தேர்தல் செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது என்றும் கூறின. தலைவனாக விரும்புவோன் முதலில் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. விதிக்கும் கணக்கிற்கும் உட்பட்ட அமைப்புக்கும், எவர்க்கும் விடை சொல்லாத கூட்டத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

இனி, வீட்டில் சொல்லும் முறையைப் பற்றிச் சில சொற்கள். பெற்றோர் கவலைப்படும்போது, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தெரியாது என்பது மெய்யானால், தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுடையது. நண்பர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். அவர்கள் எந்த ஊரினர், என்ன படிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். குழுவுக்குப் பொறுப்பாக ஆசிரியர் ஒருவர் இருப்பின் அவர் பெயரையும் சொல்லுங்கள். விடுமுறையில் நண்பர் இருவரை வீட்டிற்கு அழைத்து வாருங்கள். அவர்கள் திண்ணையில் அமர்ந்து, உங்கள் தாயார் படைக்கும் உணவை உண்ணட்டும். ஆயிரம் விளக்கங்களால் தீராத ஐயம் அந்த ஒரு வேளையில் தீர்ந்துவிடும். வீட்டிற்கு அழைத்துவர உங்கள் மனமே கூசும் நண்பன் ஒருவன் இருந்தால், அக்கூச்சம் உங்களுக்கு ஏதோ சொல்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வுரையைக் கேட்கும் பெற்றோர்க்கும் ஒன்று சொல்வேன். "எந்தக் கூட்டத்திலும் சேராதே" என்று பொதுவாகத் தடுத்தல் பயன் தராது. தடுக்கப்பட்டவன் சேர்வதை விடமாட்டான், சொல்வதைத்தான் விட்டுவிடுவான். பிள்ளை வீட்டோடு பேசுவதை நிறுத்தும்போதுதான் தீய கூட்டத்தின் பிடி இறுகுகிறது. ஆகவே வினவுங்கள், ஆனால் காவலர் வினவுவதுபோல் வினவ வேண்டா. "எத்தனை மதிப்பெண்?" என்பதோடு, "யாரோடு சாப்பிடுகிறாய்?" என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் விடுதிக்குச் சென்று வாருங்கள். பிள்ளை தவறொன்றைத் தானே வந்து சொன்னால், அன்றைக்கு அடிக்கவோ வையவோ செய்யாதீர்கள். அன்று வைதால் அடுத்த முறை சொல்ல வரமாட்டான். மகளுக்கும் இவையனைத்தும் பொருந்தும்.

கொடுமைக்கு உள்ளான மாணவன் செய்யத்தக்கது யாது? முதலில் ஒருவரிடமேனும் சொல்ல வேண்டும். விடுதிக் காப்பாளர், வகுப்பாசிரியர், கல்லூரியில் இதற்கென அமைந்த குழு ஆகியோரிடம் எழுத்து வடிவில் புகார் தரலாம். 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். செய்தி கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் வழக்குப் பதிவு செய்விக்க வேண்டிய பொறுப்பு கல்லூரித் தலைவர்க்கு உண்டு. புகார் கொடுப்பதைக் கோழைத்தனம் என்று சிலர் பழிப்பர். அது மெய்யன்று. நீங்கள் வாய்மூடி இருந்தால் அடுத்த ஆண்டு உங்கள் ஊரிலிருந்து வரும் தம்பிக்கும் அதே கொடுமை காத்திருக்கும். அதனினும் தீங்கு, நீங்களே மூத்தவராகி, "நான் பட்டதை நீயும் படு" என்று அவனிடம் சொல்லக்கூடும். இச்சங்கிலியை எவரேனும் ஒருவர் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

இறுதியாக, இவ்வாண்டே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைக் கூறுகிறேன். கல்லூரியில் சேரும்போது, "ராகிங்கில் ஈடுபடமாட்டேன்" என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை மாணவர் அளிக்க வேண்டும். ஒவ்வொரு கல்வியாண்டிலும் அளிக்க வேண்டும். அதற்கிணையான பத்திரத்தைப் பெற்றோரும் அளிக்க வேண்டும் என்று மானியக் குழுவின் விதி கூறுகிறது. இப்போது இணையவழியாகவும் அது பெறப்படுகிறது. எங்கள் பக்கத்தில் அதனைப் படித்துப் பார்த்து ஒப்பமிடும் தந்தையர் மிகச் சிலர். மகன் காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைரேகையோ வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். மகன்மீது வைத்த நம்பிக்கையே அதற்குக் காரணம்.

மாணவர்களே! அப்பத்திரத்தை அவசரமாக நீட்டாதீர்கள். தந்தையார் வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு அமரும் மாலை நேரத்தில், தாயாரையும் அருகில் அழைத்து, அதில் எழுதியிருப்பதை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். எதற்காக அவர் ஒப்பமிடுகிறார், நீங்கள் எதைச் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிறீர்கள், உங்களுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் அவர் யாரை அணுகலாம் என்பனவற்றை விளக்குங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லுங்கள். அதன்பின் அவர் ஒப்பமிடட்டும்.